வீட்டு வேலையில் நிறைய உதவுகிறேன், அப்புறமும் ஏன் இந்தக் கோபம்?

தோழர், உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. இடதுசாரிக் கருத்துகளில் பிடிப்புள்ளவர் நீங்கள். சங்க வேலை, கூட்டம், ஊர்வலம் என்று ஓடுகிறவர். நீங்கள், இணையர் இருவருமே வேலைக்குப் போகிறீர்கள், நான்கு வயதில் ஒரு குழந்தை. வீட்டு வேலைகளில் நிறையவே உதவுகிறீர்கள். அப்படியிருந்தும் போன வாரம் ஒரு வாக்குவாதத்தில் அவர், “உங்கள் அரசியல் வாசற்படியோடு நின்றுவிடுகிறது” என்று சொல்லிவிட்டார். கூலி, வேலையின்மை, வீடில்லாதவர்கள் என்று இவ்வளவு பெரிய பிரச்சினைகள் இருக்கும்போது பாத்திரம் கழுவுவதையும் அரசியலாக்குவது சரியா என்று கேட்கிறீர்கள். கூடவே, எவ்வளவு செய்தால் நியாயமான பங்கு, வேலைக்கு ஓர் ஆளை வைத்தால் தீர்ந்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்று கேள்விக்கும் அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: நான் இவ்வளவு செய்த பிறகும் அவர் ஏன் இப்படிக் களைத்துப்போயிருக்கிறார்? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகளில் வேலை பார்த்தவள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, இந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்தேன், அதோடு கூடவே வேறென்ன செய்தேன், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதித் தருவார்கள். அந்தத் தாள்களை வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறியீடு போடுவது என் வேலை. ஆயிரக்கணக்கான நாட்களை இப்படி வாசித்திருக்கிறேன். மற்றவர்களின் நாட்களை இவ்வளவு நெருக்கத்தில் பார்க்கக் கிடைத்தது பெரிய பாடம். அதே சமயம், உங்கள் வீட்டுத் தாள்களை நான் பார்க்கவில்லை. ஆகவே இங்கே சொல்வது பொதுவாகத் தெரிந்தது. உங்கள் இருவருக்குள் நடப்பதற்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒரு தம்பதியின் தாள்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. இருவருக்கும் அன்று விடுமுறை. கணவரின் தாளில் காலை எட்டு முதல் ஒன்பதரை வரை ‘சமையலில் உதவி’, பதினொன்றுக்குக் ‘குழந்தையோடு விளையாட்டு’, மாலையில் ‘மின்விசிறி பழுதுபார்த்தல்’. மனைவியின் தாளில் அதே ஒன்றரை மணி நேரத்தில் சமையல் இருந்தது, அதன் பக்கத்துக் கட்டத்தில் துணி ஊறவைத்தது, குழந்தைக்கு மருந்து கொடுத்தது, பள்ளியிலிருந்து வந்த அறிவிப்பைப் படித்தது எல்லாம் இருந்தன. ஓரத்தில் சின்ன எழுத்தில், ‘எதை நறுக்கணும்னு கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்’ என்று எழுதியிருந்தார். அதற்கு எங்களிடம் தனிக் குறியீடு கிடையாது. ‘சமையல்’ என்றே போட்டேன். இரவு ஒன்றே முக்காலுக்கு மனைவி எழுந்திருக்கிறார், குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்க. கணவரின் தாளில் அந்நேரம் ‘தூக்கம்’. இரண்டு தாளிலும் ஒரு பொய்கூட இல்லை. கணவர் நல்லவர், நிறைய வேலை செய்கிறவர். இருந்தாலும் அந்த இரண்டு பேருடைய நாளும் ஒன்றல்ல.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் 64 நாடுகளின் நேரப் பயன்பாட்டுத் தரவுகளை ஒன்றாக வைத்துக் கணக்கிட்டது. கூலியில்லாத பராமரிப்பு வேலைக்கு, அதாவது சமையல், துப்புரவு, குழந்தைகளையும் முதியோரையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் சேர்த்து, பெண்கள் சராசரியாக நாளுக்கு 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். மொத்தத்தில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகம் பெண்கள் தலையில். இரு பாலரும் சமமாகச் செய்கிற நாடு என்று ஒன்றுகூட அந்தக் கணக்கில் இல்லை. பணக்கார நாடு, ஏழை நாடு, எங்கும் இடைவெளி உண்டு. அதன் அகலம்தான் மாறுகிறது. பராமரிப்புப் பொறுப்பால் வேலைச் சந்தைக்கே வர முடியாமல் இருந்தவர்கள் 60 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள், ஆண்களில் சுமார் 4 கோடி. அவ்வளவு பேருடைய கூலியையும் ஓய்வூதியத்தையும் பேரம் பேசும் பலத்தையும் தீர்மானிக்கிற ஒன்று தனிப்பட்ட விஷயமாக மட்டும் இருக்க முடியாது.

மணிக்கணக்கு பாதி விஷயம்தான். மீதிப் பாதி, அந்த வேலை எந்த மாதிரியானது என்பது. தாள்களை வாசிக்கிறபோது பளிச்சென்று தெரிவது இது: ஆண்கள் செய்கிற வீட்டு வேலை பெரும்பாலும் தள்ளிப்போடக்கூடியது. மின்விசிறி நாளைக்கும் பழுதுபார்க்கலாம், கட்டணத்தை வார இறுதியில் கட்டலாம். பெண்கள் செய்வது நேரம் வைத்துத் துரத்துகிற வேலை. பசிக்கு நாளை என்று சொல்ல முடியாது. ஒரு மணி நேரப் பழுதுபார்ப்பும் ஒரு மணி நேரச் சமையலும் எங்கள் அட்டவணையில் ஒரே அளவுதான். ஆனால் ஒன்றைச் செய்கிறவர் தன் நாளைத் தானே அடுக்கிக்கொள்கிறார், இன்னொன்றைச் செய்கிறவரின் நாளை அந்த வேலை அடுக்குகிறது. உங்கள் இணையரின் களைப்பில் இதற்குப் பங்கு இருக்கலாம். ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள், நீங்கள் செய்கிற வேலைகளில் எத்தனை உங்கள் வசதிக்குக் காத்திருக்கின்றன என்று.

அதற்கும் மேலே ஒன்று, மனதுக்குள் ஓடும் வேலை. ஆலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் இதை நான்காகப் பிரித்தார்: தேவை வரப்போகிறது என்று முன்கூட்டியே உணர்வது, என்ன வழிகள் இருக்கின்றன என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவெடுத்தது நடந்ததா என்று கண்ணில் வைத்திருப்பது. முடிவெடுப்பதில் கணவனும் மனைவியும் ஓரளவு சேர்ந்தே இருந்தார்கள். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண்களிடம் இருந்தன. அவர் நேர்கண்டது 35 தம்பதிகளை மட்டும், அதனால் இதை உலகம் முழுவதற்குமான அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை மணி நேரம் என்று அளக்கவும் இது இடம்கொடுக்காது, ஏனென்றால் பேருந்தில் உட்கார்ந்துகொண்டு ‘சோப்பு தீர்ந்துவிட்டது, தடுப்பூசி நாள் வருகிறது’ என்று நினைப்பதை யாரும் தாளில் எழுதுவதில்லை. ஆனால் அந்த நான்கு படிகளும் உண்மையானவை. நான் வாசித்த தாள்களின் ஓரங்களில் அவற்றைப் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் நீங்கள் எழுதிய ஒரு சொல்லுக்கு வருகிறேன். ‘உதவுகிறேன்’ என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இன்னொருவருடைய வேலையில்தான் நாம் உதவ முடியும். நம்முடைய வேலையை நாம் செய்கிறோம், அவ்வளவுதான். சங்க அலுவலகத்தில் துண்டறிக்கை அச்சடிக்க உதவினேன் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள், அச்சடித்தேன் என்பீர்கள். அப்படியானால் வீடு யாருடைய பொறுப்பு என்பது உங்கள் மனதில் எங்கோ முடிவாகியிருக்கிறது. இதில் உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது, நம் மொழியே அப்படிப் பழகியிருக்கிறது. வீட்டுக்கு உரியவள் என்ற பொருளில் ‘இல்லாள்’ உண்டு. ‘இல்லான்’ என்று சொன்னால் எதுவும் இல்லாதவன் என்று ஆகிவிடுகிறது. விடியலில் எழுந்து நள்ளிரவில் படுக்கிற பெண்ணைப் பற்றி ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்’ என்று அவள் கணவன் சொல்லி, அவளும் அதையே சொல்லி, எங்கள் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதச் சொன்னதை எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். ‘மனைவி’ என்று எழுதாமல் ‘இணையர்’ என்று நீங்கள் எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சொல்லுக்கு ஏற்ற வினைச்சொல் ‘உதவுவது’ இல்லை.

உங்கள் பக்கத்தில் உள்ள நியாயத்தையும் சொல்ல வேண்டும். நான் நிறையச் செய்கிறேன் என்று நீங்கள் நினைப்பது நடிப்பாக இருக்கத் தேவையில்லை. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாக, வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டியது. சண்டையைத் தொடங்குவது யார் என்ற கேள்விக்குக்கூட அப்படித்தான். நாம் செய்தது நமக்கு நினைவில் நிற்கிறது, அடுத்தவர் செய்தது நாம் பார்க்காதபோது நடந்திருக்கிறது. ஆகவே யார் அதிகம் என்று வாய்ச்சண்டை போட்டால் இருவருமே நேர்மையாக இருந்தும் தோற்பீர்கள். கடைசியில் உங்கள் இருவரையும் நாட்குறிப்பு எழுதச் சொல்லப்போவதற்கு இதுதான் காரணம்.

சரி, இதை அரசியல் என்பது சரியா? என் உறுதியான பதில்: சரி. பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகு 1920லேயே ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார். தன் வீட்டில் சம்பளத்துக்குச் சமைக்கும் பெண்ணை ஒருவர் மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். சமையல் அதேதான், சாப்பிடுகிறவரும் அதேதான், கூலி நின்றதால் கணக்கிலிருந்து வேலை மறைந்துவிடுகிறது. ஒரு தொழிலாளி அடுத்த நாள் காலை தின்று, தூங்கி, துவைத்த சட்டையோடு வேலைக்கு வந்து நிற்கிறார் என்றால் அதற்குப் பின்னால் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. முதலாளி அதற்குத் தனியாக எதுவும் கொடுப்பதில்லை. 1972இல் மரியரோசா தல்லா கோஸ்தா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெதெரிச்சி முதலான பெண்ணியவாதிகள் வீட்டு வேலைக்குக் கூலி கேட்டு இயக்கம் தொடங்கியது இந்தப் புள்ளியிலிருந்துதான். கூலி கொடுத்தால் பெண் இன்னும் இறுக்கமாக வீட்டோடு கட்டப்படுவாள், வீட்டு வேலையையே சமூகம் பொதுவில் ஏற்க வேண்டும் என்று அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் ஏஞ்சலா டேவிஸ் 1981இல் எதிர்வாதம் வைத்தார். இந்த விவாதம் இன்றும் முடியவில்லை. நான் டேவிஸ் பக்கம் சாய்கிறவள், ஆனால் அது என் அரசியல் முடிவு. தரவு அதை நிரூபித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

‘பெரிய பிரச்சினைகள்’ என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் ஒரு வார்த்தை. ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் கிளாரா ஜெட்கின் 1920இல் லெனினோடு பேசியதை எழுதி வைத்திருக்கிறார். பெண்களின் வேலையில் கொஞ்சம் கைகொடுத்தால் மனைவியின் சுமை எவ்வளவு குறையும் என்று யோசிக்கிற கணவர்கள் பாட்டாளிகளிடையேகூட மிகக் குறைவு, அது கணவனின் உரிமைக்கும் கௌரவத்துக்கும் இழுக்கு என்று கருதுகிறார்கள் என லெனின் அதில் வருத்தப்படுகிறார். புரட்சி நடந்து மூன்று ஆண்டு, உள்நாட்டுப் போர் முடியவில்லை, அந்த நேரத்தில் இதைப் பேச அவருக்கு நேரம் இருந்தது. அங்கேயும் ‘கைகொடுப்பது’தான், அது அந்தக் காலத்தின் எல்லை. இன்னொன்று, ஐஸ்லாந்து. 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அலுவலகத்திலும் வீட்டிலும் ஒரே நாளில் வேலையை நிறுத்தினார்கள். தந்தைகள் குழந்தைகளை அலுவலகங்களுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டே பாலினச் சமத்துவத்துக்கான சட்டம் வந்தது. அந்த ஒரு நாள்தான் காரணம் என்று சொல்ல முடியாது, முன்னும் பின்னும் நீண்ட போராட்டம் இருந்தது. ஆனால் வீட்டு வேலை நின்றால் எல்லாம் நிற்கும் என்பதை ஒரு நாடே அன்று பார்த்தது.

எல்லாவற்றையும் உங்கள் ஒருவர் தலையில் போடுவதும் தவறு. 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் காட்டியிருப்பது இது: எந்நேரமும் கூப்பிட்டால் வர வேண்டிய வேலைகளுக்குத்தான் அளவுக்கு மீறிய சம்பளம் கிடைக்கிறது. குழந்தை வந்ததும் இருவரில் ஒருவர் அந்த மாதிரி வேலைக்குப் போக, இன்னொருவர் குழந்தைக்கு எந்நேரமும் கூப்பிட்டால் வருபவராக ஆகிறார். அது பெரும்பாலும் தாய். டென்மார்க் போன்ற ஒரு நாட்டிலேயே முதல் குழந்தைக்குப் பிறகு பெண்களின் வருமானம் ஆண்களோடு ஒப்பிட நீண்ட காலத்துக்குச் சுமார் 20 சதவீதம் பின்தங்குகிறது என்று ஹென்ரிக் கிளெவன் முதலானோரின் 2019 ஆய்வு சொல்கிறது. தந்தையின் வருமானத்தில் அப்படி ஒரு சரிவு இல்லை. இதை நல்ல மனது மட்டும் சரிசெய்யாது, வேலை நேரமும் விடுப்பும் குழந்தைகள் காப்பகமும் மாற வேண்டும். சுவீடன் 1974இல் பேறுகால விடுப்பைத் தாய் தந்தை இருவருக்கும் பொதுவாக்கியது. தந்தையர் மிகக் குறைவாகவே எடுத்தார்கள். நார்வே 1993இல் நான்கு வாரத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கி, எடுக்காவிட்டால் இழக்க நேரிடும் என்று வைத்தது. சில ஆண்டுகளிலேயே பெரும்பான்மைத் தந்தையர் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். விதி மாறினால் நடத்தை மாறும் என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்று அரிது. அந்த விடுப்பு முடிந்த பிறகும், குழந்தை வளர்ந்த பிறகும், வீட்டு வேலைப் பங்கீடு மாறியே இருக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் நீடித்த மாற்றம் தெரிகிறது, சிலவற்றில் இல்லை.

ஆள் வைப்பது பற்றி: வைப்பது பாவம் இல்லை, பலருக்கு அது பிழைப்பு. ஆனால் அதனால் பங்கீடு தீர்ந்துவிடாது. உலகில் சுமார் 7 கோடியே 56 லட்சம் வீட்டுப் பணியாளர்கள் இருப்பதாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2021இல் மதிப்பிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பேர் பெண்கள், ஐந்தில் நான்கு பேர் வேலைப் பாதுகாப்பும் சமூகப் பாதுகாப்பும் நடைமுறையில் கிடைக்காத முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுச் சுமை இன்னொரு பெண்ணின் தோளுக்குப் போகிறது, அவருடைய குழந்தையை அந்நேரம் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரு பெண். சங்கக்காரர் நீங்கள். வைத்தால் எழுத்தில் ஒப்பந்தம், வார விடுப்பு, சம்பளத்தோடு நோய் விடுப்பு, இவற்றோடு வையுங்கள். 2011இல் அதே அமைப்பில் நிறைவேறிய வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையும் வார விடுப்பையும், முடிந்தவரை எழுத்தில் ஒப்பந்தத்தையும் கேட்கிறது. அப்புறம், அந்தப் பணியாளரோடு பேசுவது, நேரம் சொல்வது, அவர் வராத நாளைச் சமாளிப்பது யார் வேலை என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த மேற்பார்வையும் உங்கள் இணையரிடமே போய்ச் சேரும். நான் வாசித்த தாள்களில் அநேகமாக எப்போதும் அப்படித்தான் நடந்தது.

எவ்வளவு செய்தால் நியாயம் என்ற கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்ல என்னால் முடியாது. பாதிக்குப் பாதி என்பது எளிய விதி, ஆனால் ஒருவர் பத்து மணி நேரம் வெளியில் உழைத்து இன்னொருவர் ஆறு மணி நேரம் உழைத்தால் அது பொருந்தாது. கூலி வேலை, கூலியில்லாத வேலை இரண்டையும் கூட்டிப் பார்ப்பது மேல். அதைவிட எனக்கு உதவியான அளவுகோல் ஒன்று உண்டு: இருவருக்கும் கிடைக்கிற ஓய்வு. யாரும் கூப்பிடாத, காதைக் குழந்தையின் பக்கம் வைத்திருக்கத் தேவையில்லாத நேரம். குழந்தையோடு விளையாடுவது வேலையா ஓய்வா என்று குழம்புகிறவர்களுக்கு பொருளாதார அறிஞர் மார்கரெட் ரீட் 1934இல் ஒரு சோதனை கொடுத்தார். கூலி கொடுத்து இன்னொருவரைச் செய்ய வைக்க முடிந்தால் அது வேலை. அன்பாகச் செய்தாலும் அது வேலையே.

ஆகவே இதைச் செய்து பாருங்கள். ஒரு வாரத்துக்கு இருவரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள், படுக்கப் போகும் முன் இல்லை, அவ்வப்போதே, ஏனென்றால் நினைவிலிருந்து எழுதினால் ராஸ், சிகோலி சொன்னதுதான் நடக்கும். கூடவே செய்த வேலைக்கு ஒரு கட்டம், ‘இதை நினைவில் வைத்திருந்தது யார்’ என்பதற்கு ஒரு கட்டம். வாரம் முடியும் வரை ஒருவர் தாளை ஒருவர் பார்க்க வேண்டாம். பார்த்த பிறகு வேலைகளைப் பங்கிடாதீர்கள், பொறுப்புகளைப் பங்கிடுங்கள். குழந்தையின் உடல்நலம் உங்களுடையது என்றால், தடுப்பூசி நாளை நினைவில் வைப்பதும், முன்பதிவும், அன்றைக்கு விடுப்பு எடுப்பதும், காய்ச்சல் வந்த இரவில் ஒன்றே முக்காலுக்கு எழுவதும் உங்களுடையது. முதலில் சில தவறுகள் நடக்கும். அந்த நேரத்தில் அவர் திருத்த வராமல் இருக்க வேண்டும், நீங்கள் “நீயே செய்துவிடு” என்று திருப்பிக் கொடுக்காமல் இருக்க வேண்டும். இரண்டுமே கடினம்.

உங்கள் சங்கக் கூட்டம் வாரம் இரண்டு முறை மாலை ஏழு மணிக்கு என்று எழுதியிருந்தீர்கள். குழந்தைக்குச் சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் அந்நேரத்தில்தான் வரும். அந்தக் கூட்டங்களுக்கு எத்தனை தாய்மார்கள் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் இணையரும் ஒரு காலத்தில் அதே சங்கத்தில் இருந்தவர் என்றும் நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். எப்போது வருவதை நிறுத்தினார் என்று நீங்கள் எழுதவில்லை. அதை அவரிடம் கேளுங்கள். அடுத்த வாரக் கூட்டங்களில் ஒன்றுக்கு அவர் போக விரும்புகிறாரா என்றும் கேளுங்கள். போகிறேன் என்றால் அன்று மாலை என்ன சமைப்பது, குழந்தையின் மாற்றுத் துணி எங்கே இருக்கிறது என்று அவருக்குப் போன் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.